கடைசிப் பீஸ் விற்பனைக்கு அல்ல

கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும்படி ஒரு பலகை தொங்கியது: 'கடைசிப் பீஸ் விற்பனைக்கு அல்ல. இரவல் மட்டும்.' புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். தங்களுக்கு வேண்டியதே அந்தக் கடைசிப் பீஸ்தான் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

கடை நடத்தியவளை எல்லோரும் பார்ட்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் இருந்தது. நர்ஸ் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அவள் விற்றது தயாரிப்பு நின்றுபோன கன்ட்ரோலர்களின் உதிரிகள். எந்தத் தொழிற்சாலையிலும் சுவரோரமாக ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். திறந்தால் புத்தகங்கள் அடுக்கியதுபோல் வரிசையாகக் கார்டுகள். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவைதான். மிஷின் நாற்பது வருஷம் உழைக்கும். அதை ஓட்டும் கார்டைச் செய்த கம்பெனியோ பதினைந்தாவது வருஷமே, இனி செய்யமாட்டோம் என்று கையை விரித்துவிடும். மிச்சம் இருக்கும் வருஷங்கள்தான் பார்ட்ஸ் அக்காவின் பிழைப்பு.

இந்த வழியை அவள் தேடி வரவில்லை. ஒரு விற்பனை நிறுவனத்தின் ஸ்டோரில் கிளார்க்காக இருந்தாள். ஒரு வரிசைக் கன்ட்ரோலரின் தயாரிப்பை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்த அன்று, அலமாரிகளைக் காலி செய்து எல்லாவற்றையும் எடைக்குப் போடச் சொன்னார் மேனேஜர். கூடவே அவளையும் வேலையிலிருந்து நிறுத்தினார். "எனக்குக் கொடுக்க வேண்டியதுக்கு இதைக் கொடுத்துடுங்க" என்றாள். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டிருந்த கணவர்தான் பெட்டிகளை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்.

"அவனவன் பொண்டாட்டி தங்கம் கேக்குறான்னு அழுறான். எனக்கு வாய்ச்சவ தகரம் கேக்குறா."

"தகரமில்லைங்க, தங்கமுலாம். உள்ளே பின்னெல்லாம் தங்கமுலாம்."

"அப்ப கழுத்துல மாட்டிக்கோ."

மகள் பள்ளிக்கூடம் முடிக்கிறவரை அந்தப் பெட்டிகளில் ஒன்றுதான் அவளுக்குப் படிக்கிற மேஜை. பிறகு மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறைக்குப் பின்னால் ஒரு நீளமான அறை வாடகைக்குக் கிடைத்தது. வார்னிஷ் வாசனையும் சுவரைத் தாண்டி வரும் சுத்தியல் சத்தமும் இலவசம்.

எங்காவது ஒரு தொழிற்சாலையை மூடுகிறார்கள் என்று காதில் விழுந்தால், கட்டர் கொண்டுவருகிற ஆட்களுக்கு முன்னால் அக்கா ஸ்க்ரூடிரைவரோடு அங்கே நிற்பாள். கண்காணாத நாடுகளில் இருக்கிற வியாபாரிகளிடமும் வாங்குவாள். அதில் ஏமாற்று அதிகம். கையில் சரக்கே இல்லாமல் கம்பெனிப் புத்தகத்துப் படத்தை அனுப்பிவிட்டு, 'நாளைக்கே அனுப்புகிறேன்' என்பார்கள். அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். "கார்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்பூனை வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க." சரக்கு இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே அனுப்புவார்கள். இல்லாதவர்கள் அதோடு காணாமல் போவார்கள். அவளுடைய போன் முழுக்க உலகத்து ஸ்பூன்கள்.

இரவல் வழக்கம் ஒரு சண்டையில் பிறந்தது. பிஸ்கட் தொழிற்சாலைக்காரரும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்காரரும் ஒரே நாளில் ஒரே கார்டைக் கேட்டு வந்தார்கள். இருந்ததோ ஒன்றே ஒன்று. இருவரும் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் விலை ஏற்றினார்கள். அக்கா கார்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "யாருக்கும் விக்கல. முதல்ல பிஸ்கட்டு ஓட்டுங்க. அதுக்குள்ள உங்க பழைய கார்டை நான் ரிப்பேர் பண்ணித் தரேன். அப்புறம் இது பெட்டிக்குப் போகும். பெட்டி இல்லாம பிஸ்கட்டை எதுல போடுவீங்க?" அந்தக் கார்டு இருவரையும் ஓட்டிவிட்டு அலமாரிக்குத் திரும்பி வந்தது. மறுநாள் பலகை ஏறியது.

மகள் இன்ஜினியரானாள். பழைய கன்ட்ரோலர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டிக் கொடுக்கிற நிறுவனத்தில் வேலை. வீட்டில் இதுவே வேடிக்கை.

"நீ பண்ற வேலைக்கு என் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"நான் கழட்டுறதைத்தானேம்மா நீ விக்கிறே?"

"அதுவும் சரிதான். நல்லா பார்த்துக் கழட்டு. போனதடவை ஒரு கார்டுல மூலை உடைஞ்சிருந்தது."

அப்புறம் அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப்போயின. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். முதல் நாளே மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, டெக்னீஷியனிடம் கேட்டாள்: "இது இன்னும் தயாரிப்புல இருக்கா தம்பி? போர்டு போனா கிடைக்குமா?" அவர் கிடைக்கும் என்றார். "நல்லது. எனக்கு உள்ளே இருக்கிற மாடலுக்குத்தான் ஸ்பேர் இல்ல."

கடையை மூடிவிடலாம் என்று முதலில் சொன்னது கணவர். மகளும் அதைத்தான் சொன்னாள். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. அதுவே இருவருக்கும் பயமாக இருந்தது. சரக்கைப் பெட்டிகளில் கட்ட ஆரம்பித்தார்கள். செத்த கார்டுகள் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. அது முதலில் எடைக்குப் போவதாக ஏற்பாடு.

அந்த வாரம்தான் கண்ணாடிக்காரரிடமிருந்து போன் வந்தது.

கண்ணாடிக்காரர் என்றால் பாட்டில் தொழிற்சாலையில் மிஷின்களைப் பராமரிக்கிறவர். இருபது வருஷப் பழக்கம். அக்கா டயாலிசிஸ் அறையில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள். ஒரு கையில் ஊசி ஏற்றியிருந்தது. மறு கையில் போன்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"யார் பண்ணது?"

"நடந்துபோச்சுன்னு சொல்றவன்தான் பண்ணிருப்பான்."

"சரி சொல்லு."

"சூடு அளக்குற கார்டு இருக்குல்ல, அதுல தூசி அடைஞ்சிருந்தது. வயரையெல்லாம் கழட்டிச் சுத்தம் பண்ணி மறுபடி மாட்டினேன். ஸ்விட்ச் போட்டதும் புஸ்ஸுன்னு ஒரு சத்தம். நாத்தம் வேற."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "மேல இருந்து எண்ணி மாட்டினியா, கீழ இருந்தா?"

மறுமுனையில் கார்டைப் புரட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுடா."

"மேல இருந்துதான்க்கா. எல்லாக் கார்டும் அப்படித்தானே?"

"அந்தக் கம்பெனிக்காரன் மட்டும் கீழ இருந்து எண்ணுவான். தலைகீழாப் பொறந்தவன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்!"

நர்ஸ் வந்து நின்றாள். "அம்மா, போனை வைங்க. பிரஷர் ஏறுது."

"ஏறட்டும் சிஸ்டர், அங்க ஒருத்தனுக்கு இறங்கிட்டிருக்கு."

பாட்டில் தொழிற்சாலையின் உலை அணையக் கூடாத உலை. கண்ணாடி எந்நேரமும் உருகியபடி உள்ளே கிடக்கும். எட்டு இடங்களில் எட்டு வயர்கள் சூட்டை அளந்து கார்டுக்குச் சொல்ல வேண்டும். இப்போது திரையில் எட்டு இடத்திலும் வெறும் கோடு. ஆட்கள் துளை வழியாகத் தீயின் நிறத்தைப் பார்த்து, கையால் எரிவாயுவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் அப்படித் தாக்குப்பிடிக்கலாம். எங்கோ ஓரிடத்தில் சூடு இறங்கிவிட்டால் உருகிய கண்ணாடி உள்ளேயே பாறையாக இறுகிவிடும். அப்புறம் உலையை இடிக்க வேண்டியதுதான். முதலாளி மறுபடி கட்டப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். புதிய கன்ட்ரோலருக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. மகளின் நிறுவனம்தான் மாட்டப்போகிறது. ஆனால் அது இன்னும் கப்பலில் இருந்தது.

அந்த வகைக் கார்டில் கடைசிப் பீஸ் அக்காவிடம் ஒன்று உண்டு. அலமாரியில் இல்லை. போன வருஷம் பெயின்ட் தொழிற்சாலைக்கு இரவல் போனது. அங்கே பெயின்ட் பூசிய பலகைகளைக் காயவைக்கும் அடுப்பை அது ஓட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மாற்றுத் தேடி அக்கா உலகமெல்லாம் வலைவீசியிருந்தாள். ஒருவரும் ஸ்பூன் வைத்துப் படம் அனுப்பவில்லை.

இரவல் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் அடுப்பு நிற்கும். உலைக்காக அடுப்பை அணைப்பதா?

மிஷின் அவளுடைய ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. அக்கா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். போன வருஷம் அந்தக் கார்டைப் பெயின்ட் தொழிற்சாலையில் கொடுத்துவிட்டு வந்து, கணவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. "ரெண்டே ரெண்டு வயருக்கு எட்டு வயர் கார்டா? ரெண்டு பேர் போறதுக்கு பஸ் பிடிச்ச மாதிரி இருக்கு."

அவள் மறுபடி கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டாள்.

"கரண்டு வயரை எங்க மாட்டினே? மேல முதல் முனையிலயா?"

"ஆமாக்கா. திட்டுறதா இருந்தா சாயங்காலம் திட்டுங்க, இப்ப..."

"திட்டல. மேல முதல்ன்னா அவன் கணக்குல கடைசி. எட்டாவது. எரிஞ்சிருந்தா கடைசி நாலுதான் எரிஞ்சிருக்கும். அந்தக் கார்டு உள்ளே ரெண்டு வீடு மாதிரி. நாலுக்கு ஒரு சமையல்கட்டு, நாலுக்கு இன்னொண்ணு. எரிஞ்ச கார்டைத் தூக்கிக்கிட்டு கடைக்கு ஓடு. என் பொண்ணு அங்க இருப்பா."

மகள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். சோதனை மேஜை மட்டும் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. கண்ணாடிக்காரர் கார்டைக் கொடுத்துவிட்டு உலைக்குத் திரும்பி ஓடினார். அவள் அதை மேஜையில் மாட்டினாள். திரையில் எட்டுக் கோடு. கார்டின் முதுகில் சிறிய சுவிட்ச் ஒன்று உண்டு. எட்டா, நாலா என்று தேர்வு செய்வது. நாலுக்குத் தள்ளினாள். சூடு பார்க்கக் கையில் எதுவும் இல்லை. அப்பா வாங்கி வந்திருந்த டீயில் வயரின் நுனியை முக்கினாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அம்மா, ஒண்ணு வருது. அறுபத்தெட்டு."

"அடுத்தது."

"ரெண்டும் அறுபத்தெட்டு. மூணு... வருது. நாலு, அதுவும்."

"எட்டுக்குத் தள்ளிப் பாரு."

"கோடு."

"நாலுக்கே வை. டீயை மாத்திட்டு இன்னொரு தடவை முதல்ல இருந்து பாரு. சூடு இறங்குறதும் சரியாத் தெரியணும்."

"டீயை அப்பா குடிச்சிட்டாரும்மா."

"வயரை முக்கின டீயையா?"

பின்னாலிருந்து கணவரின் குரல் கேட்டது. "இரும்புச் சத்துன்னு நினைச்சுக்கிட்டேன்."

டயாலிசிஸ் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். நர்ஸும் சிரித்தாள். பிறகு பிரஷரைக் குறித்துக்கொண்டு, "போதும்மா, நெஜமாவே போதும்" என்றாள்.

ஊசியை எடுத்தபின் அக்கா எப்போதும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவாள். உடம்பைப் பிழிந்து காயப்போட்ட மாதிரி இருக்கும் என்பாள். அன்று வேனில் ஏறி உட்கார்ந்து, "பெயின்டுக்கு விடுங்க" என்றாள்.

"நான் பேசிக்கிறேன். நீ வீட்டுக்கு வா."

"நீங்க பேசினா பஸ் கதை சொல்லுவீங்க. விடுங்க."

மகள் பின் இருக்கையில், எரிந்த கார்டை வெள்ளி நிறக் கவரில் போட்டு மடியில் வைத்திருந்தாள். அம்மாவின் கழுத்தோரம் வியர்த்திருந்தது. ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள்.

பெயின்ட் தொழிற்சாலையின் இன்ஜினியர் கேட்டுக்கு வெளியே வேனுக்கே வந்தார். அக்காவால் இறங்கி நடக்க முடியாது என்று காவலாளி சொல்லியிருந்தார். நிதானமான மனிதர். எதையும் இரண்டு முறை கேட்பார்.

"ஓடிக்கிட்டிருக்கிறதைக் கழட்டிட்டு, எரிஞ்சுபோனதை மாட்டச் சொல்றீங்க. சரிதானே மேடம்?"

"பாதிதான் எரிஞ்சது. உங்களுக்கு வேண்டியது மீதிப் பாதி."

"நடுவுல நின்னா? உள்ளே இருக்கிற பலகையெல்லாம் ஒட்டிக்கும். என் வேலையும் போகும்."

"நாலு உயிரோட இருக்கு சார். உங்களுக்கு ரெண்டு போதும். ரெண்டு கையிருப்பு வேற."

அவர் கவரை வாங்கி, கார்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேல் முனையருகே கறுப்பாக ஒரு தழும்பு இருந்தது.

"இப்படி ஒண்ணை நம்பி எப்படி மேடம் ஓட்டுறது?"

"எனக்கும் உள்ளே பாதிக்கு மேல ஓடல. உங்க கேட்டுல வந்து நிக்கலையா?"

இன்ஜினியருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் இன்ஜினியர். "இது இரவல். கேட்டாத் திருப்பிக் கொடுக்கணும்னு சொல்லித்தான் கொடுத்தீங்க. கொடுன்னு சொல்லி வாங்கிட்டுப் போயிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு?"

"கேட்டாக் கொடுக்கணும். ஆனா கொடுக்குறவன் நின்னுபோகக் கூடாது. அதை எழுதக் கடைப் பலகையில இடம் பத்தல."

அவர் கார்டை மறுபடி கவரில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இப்ப ஓடுற லோடு காய்ஞ்சு வெளிய வரட்டும். அடுத்த லோடுக்கு இதை மாட்டுறேன். அது முழுசாக் காயுறவரைக்கும் உங்க ஆள் ஒருத்தர் என் பக்கத்துல இருக்கணும். சரியா வந்தா உங்க கார்டை எடுத்துக்கிட்டுப் போங்க."

"என் பொண்ணு இருப்பா. அவ என்னைவிட நல்லா பார்ப்பா. எனக்குக் கண்ணு மட்டும்தான், அவளுக்குப் படிப்பும் இருக்கு."

மகள் உள்ளே போனாள். சுவிட்ச் நாலில் இருப்பதை இரண்டு முறை சரிபார்த்தாள். கீழிருந்து எண்ணினாள். மறுபடி கீழிருந்து எண்ணினாள். வயர்களை மாட்டினாள். திரையில் இரண்டு எண்கள் வந்தன. அடுப்பு சூடேறியது. இன்ஜினியர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, தானும் பக்கத்தில் நின்றார். வேனில் அக்கா கணவரின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் அசையவில்லை. கொசு கடித்தும் கையைத் தூக்கவில்லை என்று பின்னால் பல தடவை பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பலகைகள் நன்றாகக் காய்ந்து வந்தன. பொழுது சாய்கையில் மகள் நல்ல கார்டோடு திரும்பி வந்தாள். மூவரும் உலைக்குப் போனார்கள்.

கண்ணாடிக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். புருவம் பொசுங்கியிருந்தது. கார்டைக் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து துளையில் கண்ணை வைத்துத் தீயின் நிறம் பார்த்தவர் அவர்தான். மகள் கார்டை மாட்டுகிறபோது அவர் எதையும் தொடவில்லை, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீயே எண்ணும்மா. நான் எண்ணினது போதும்."

எட்டுக் கோடுகள் எட்டு எண்களாக மாறின. ஏழு சரியாக இருந்தன. ஒன்று கொஞ்சம் இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பர்னர் பெருமூச்சு விட்டுத் தானாகத் தீயைக் கூட்டியது. அந்த ஓர் எண் மெல்ல ஏறத் தொடங்கியது. ஆட்கள் வால்வுகளிலிருந்து கையை எடுத்தார்கள். யாரும் கைதட்டவில்லை. ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடிக்காரர் வேனுக்கு வந்தார். கையில் இன்னும் வெதுவெதுப்பு ஆறாத ஒரு பாட்டில்.

"கையால தீயைக் கூட்டிக் குறைச்சு ஓட்டினதுல வந்த பாட்டில்க்கா. கோணலா இருக்கு. விக்க முடியாது."

"அப்ப எங்கிட்டக் கொடு. விக்க முடியாததுதானே என் கடை."

மறுநாள் டயாலிசிஸ் இல்லை. அக்கா கடைக்கு வந்து, எடைக்குப் போகவிருந்த அட்டைப்பெட்டியைத் திறக்கச் சொன்னாள். இருபது வருஷமாகச் செத்துப்போனவை என்று தூக்கிப்போட்ட கார்டுகள். எட்டில் ஒன்று போனாலும் செத்தது என்றே அவள் கணக்கில் வைத்திருந்தாள். எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

"ஒவ்வொண்ணாப் பாரு. எது இருக்கு, எது இல்லன்னு பாரு."

"கடையை மூடுறோம்னு சொன்னோமேம்மா."

"மூடலாம், யார் வேண்டாம்னா? இதைப் பார்த்துட்டு மூடலாம்."

வாரக் கடைசிகளில் மகள் பார்த்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டு ஒட்டினாள். 'முதல் நாலு நல்லது.' 'மூன்றாவது மட்டும் இல்லை.' 'கடைசி இரண்டு மட்டும் உண்டு.' முக்கால்வாசிக் கார்டுகளில் ஏதோ ஒன்றாவது உயிரோடு இருந்தது. தனியாக ஓர் அலமாரி ஒதுக்கினார்கள். கணவர் அதற்குப் 'பஸ் ஸ்டாண்ட்' என்று பெயர் வைத்தார். கட்டிய பெட்டிகளைப் பிரித்து மறுபடி அடுக்கியது யார் என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. பெட்டிகள் பிரிந்திருந்தன, அவ்வளவுதான். போன் பண்ணுகிறவர்களிடம் அக்கா புதிதாக ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். "எத்தனை வயர் நெஜமா மாட்டியிருக்கீங்க? எண்ணிச் சொல்லுங்க."

கப்பல் வந்தது. மகளே போய் உலைக்குப் புதிய கன்ட்ரோலரை மாட்டினாள். கழற்றிய பழைய கார்டை, மூலை உடையாமல், வெள்ளிக் கவரில் போட்டு அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா அதை அதனிடத்தில் வைத்தாள். வாங்கிவந்த கோணல் பாட்டில் ஜன்னலில் நின்றது.

பெயின்ட் இன்ஜினியருக்கு நல்ல கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றார். பாதி ஓடுகிறதே, முழுசை வேறு யாருக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மாதம் ஒருமுறை மட்டும் போன் செய்வார். ஒரே வார்த்தை. "ஓடுது." அக்காவும் ஒரே வார்த்தையில் பதில் சொல்வாள். "ஓடட்டும்."

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். டயாலிசிஸ் மிஷினில் கோளாறு எதுவும் இல்லை. இதயம்தான் நின்றது.

காரியங்கள் முடிந்து மகள் கடையைத் திறந்த முதல் நாள் பட்டறையில் சுத்தியல் சத்தம் இல்லை. அவளைப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று புரிந்தது. சுவரைத் தட்டி, "அடிங்க அண்ணே, பரவாயில்ல" என்றாள். சத்தம் வந்தது. அப்பா இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றைச் சோதனை மேஜையில் வைத்தார். அதை அவர் தொடவில்லை.

போன் அடித்தது. பெயின்ட் இன்ஜினியர். எடுத்த குரல் அக்காவுடையது இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

"ஓடுதும்மா" என்றார்.

"ஓடட்டும் சார்."

வைத்ததும் மறுபடி அடித்தது. புதியவர். எங்கோ ஒரு தண்ணீர் நிலையம். பம்ப் கார்டு போய்விட்டது, எங்கும் கிடைக்கவில்லை, எட்டு வயர் மாடல் என்றார். குரலில் அவசரம்.

மகள் பஸ் ஸ்டாண்ட் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கையெழுத்தில் சீட்டுகள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பதறாதீங்க. பேனலைத் திறந்து பாருங்க. எத்தனை வயர் நெஜமா மாட்டியிருக்கு? கீழ இருந்து எண்ணுங்க."

அவர் எண்ணத் தொடங்கினார். அவள் காத்திருந்தாள்.